மீன் உறுதி என்றார்கள்: ஹைம்வில் பக்கத்து ட்ரவுட் டேமில் இரண்டு நாள்

இந்தப் பண்ணையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நல்லது நிறையச் சொல்வேன், இரண்டு மூன்று குறையும் சொல்வேன். குறை சொல்லும் இடத்தில் பெயரையும் போட்டு ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கைவைக்க மனமில்லை. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில், அண்டர்பெர்க், ஹைம்வில் சுற்றுவட்டாரத்தில், ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சு வாங்கி விட்டு, நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடும் டேம்கள் பல இருக்கின்றன. (இங்கே பண்ணையில் மண்கரை கட்டித் தேக்கிய ஏரி, குளம் எல்லாமே டேம்தான். மேட்டூர் அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம்.) எதற்குப் போனாலும் இந்தக் கணக்கு உதவும்.

நான் கடலில் பழகியவன். டர்பன் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்து, ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவுடையதும் ஒன்று. அப்பா வலையை விட்டுத் தூண்டிலுக்கு வந்தார். அவருடைய ஸ்கார்பரோ ரீல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மரச்சக்கரம், உள்ளே பல்சக்கரம் கிடையாது, நம் விரல்தான் பிரேக். அதில் கற்றதெல்லாம் ஷேட் என்ற கடல்மீனுக்கான வித்தை: முடிந்தவரை தூரம் எறி, வேகமாகச் சுற்று, கடித்த நொடியில் கோலை வெட்டித் தூக்கு. ஐம்பது வருடம் இதைத்தான் செய்தேன். ட்ரவுட் டேமில் இந்த மூன்றுமே தப்பு என்று தெரிய அரை நாளும் 950 ராண்டும் செலவானது.

போனது அக்காள் மகனால். "மாமா, கடல்ல நின்னு நின்னு உங்க முழங்கால் போச்சு. மலைக்குப் போலாம், உக்காந்து பிடிக்கலாம்" என்றான். உட்கார்ந்து பிடிக்கலாம் என்பது பொய். போனில் பதிவு செய்தபோது அந்தப் பக்கம் பேசிய அம்மாள், "ஸ்டாக் பண்ணி இரண்டு வாரம்தான் ஆகிறது, மீன் உறுதி" என்றார். ஸ்டாக் என்றால் டேமில் மீன் வாங்கி விடுவது. ஒரு கோலுக்கு நாளொன்றுக்கு 400 ராண்டு. கைடு வேண்டுமென்றால் அரை நாளுக்கு 950. பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போனால் கிலோவுக்குத் தனிக் காசு. மாகாணத்து நன்னீர் லைசென்ஸ் வேண்டும், கடல் லைசென்ஸ் இங்கே செல்லாது என்பதை ஒழுங்காகச் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்று: பெரிய டேமில் ஃப்ளை, அதாவது இறகு சுற்றிய செயற்கைப் பூச்சி மட்டும்தான்.

மே மாதக் கடைசி, இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம். விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். N3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக்குக்கு முன்னால் ஆர் 617 சாலையில் திரும்பி, புல்வர் வழியாக அண்டர்பெர்க். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். புல்வருக்குப் பிறகு மூடுபனியும் மாடுகளும் ஒன்றாக வரும், மெதுவாகப் போங்கள். பண்ணை வாசலில் இறங்கும்போது புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. டர்பன்காரனுக்கு அது ஒரு காட்சிதான். பத்து நிமிடம் புல்லை மிதித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் வம்பு ஆரம்பித்தது. மருமகன் காரிலிருந்து சுழல்கரண்டி (இரை போல மின்னும் உலோகத் தகடு) மாட்டிய கோலை எடுக்கிறான், பண்ணைக்காரர் தலையை ஆட்டுகிறார். கரண்டி, புழு, உருண்டைத் தீனி எல்லாம் வீட்டை ஒட்டிய சின்னக் குட்டையில் பிள்ளைகளுக்கு மட்டும். பெரிய டேமில் இறகு சுற்றிய ஃப்ளைதான். அதற்கான கோல் நம்மிடம் இல்லையா? வாடகைக்கு உண்டு, ஒன்று 150 ராண்டு. நீர்க்காலுறை, அதாவது மார்பு வரை வரும் ரப்பர் வேடர்ஸ், அதற்கு 120. போனிலேயே சொல்லியிருந்தால் தெருவில் யாரிடமாவது இரவல் வாங்கியிருப்பேன். என் வேடர்ஸில் இடது முழங்காலில் ஊசி முனை அளவு ஓட்டை. பத்து டிகிரி இருக்குமோ என்னமோ, அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் காலுறைக்குள் ஒரு தனி டேம். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். "ஓ, அதுவா" என்றார்கள். "ஓ, அதுவா" என்றால் தெரியும் என்று அர்த்தம். காசு திரும்பவில்லை.

குறை அவ்வளவுதான். கழிப்பறை சுத்தம், டீ சூடு, நாய் நல்ல நாய்.

இனி கைடு. முப்பது வயது இருக்கும், பக்கத்துக் கிராமத்து ஜூலு இளைஞர். அப்பா அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவர். இவர் சிறுவனாக இருந்தபோதே டேம் கரையில் மூங்கில் கழி வைத்து ஆரம்பித்தாராம். என்னை பாபா என்றார், அப்பா என்று பொருள். வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று முழுக்க அவர் அதிகம் சொன்ன ஒரு சொல் லிண்டா. பெண் பெயர் இல்லை. ஜூலுவில் லிண்டா என்றால் பொறு.

முதல் லிண்டா, தண்ணீருக்குப் பத்து அடி முன்னாலேயே வந்தது. நான் நேராகக் கரைக்குப் போய்க் காலை உள்ளே வைக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். விடிகாலையில் மீன் கரையோரமாக, முழங்கால் ஆழத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் இறங்கும் இடத்தில்தான் அது இருக்கிறது என்றார். பின்னால் புல்லில் நின்று, முதல் எறி கரையை ஒட்டியே, மூன்று நான்கு மீட்டர் தூரத்தில். அதன் பிறகு விசிறி விரிப்பது போல இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளி. கடலில் எண்பது மீட்டர் எறிந்து பழகியவனுக்கு மூன்று மீட்டர் எறிவது அவமானமாகத்தான் இருந்தது. நான் அசட்டையாகப் போட்டேன். இரண்டாவது எறியில் கோரை ஓரம் ஒரு கரும்பச்சை முதுகு திரும்பி ஃப்ளையைப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வாய் பேசவில்லை.

இரண்டாவது லிண்டா, எறிவதிலேயே. கடல் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, இழுத்துப் போகும். ஃப்ளைக்குக் கனமே கிடையாது. தடித்த நரம்பின் கனம்தான் அதைச் சுமந்து போகிறது. ஆகவே பின்னால் வீசியதும், நரம்பு முழுக்க நீண்டு விரியும்வரை நிற்க வேண்டும். அதன் பிறகுதான் முன்னால். நிற்காமல் வீசினால் சவுக்கு மாதிரி ஒரு சத்தம் வரும், ஃப்ளை அறுந்து புல்லில் போய்விடும். நான் மூன்று ஃப்ளையை அப்படித் தொலைத்தேன். ஒன்று 25 ராண்டு. கோலின் வளையங்களில் வேறு பனிக்கட்டி உறைந்து நரம்பு ஓடவே இல்லை. அவ்வப்போது வாயில் வைத்து ஊதி உருக்க வேண்டியிருந்தது.

ஸ்டாக் மீனைப் பற்றி அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் "மீன் உறுதி" என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. பண்ணைத் தொட்டியில் உருண்டைத் தீனி தின்று வளர்ந்த மீன், டேமில் விட்ட முதல் சில நாட்கள் கூட்டமாகவே திரியும், விட்ட இடத்தை விட்டு அதிகம் போகாது, மேல்மட்டத்திலேயே சுற்றும். தண்ணீரில் எது பொட்டென்று விழுந்தாலும் தீனி என்று ஓடி வரும். அந்த நாட்களில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒன்றிரண்டு வாரம் ஆனதும் கூட்டம் கலைந்துவிடும். கொஞ்சம் குத்துப்பட்ட மீன்களுக்குப் புத்தி வந்திருக்கும். தட்டான் பூச்சியின் தண்ணீர்ப் புழு, கொசு வகைப் புழு, நத்தை, தவளைக் குஞ்சு என்று டேமில் உள்ளதைத் தின்னப் பழகி, ஓடை வந்து சேரும் வாய், பாசித்திட்டின் ஓரம், ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பு என இடம் பிடித்துக்கொள்ளும். நாங்கள் போனது அந்தச் சமயத்தில். ஆகவே போனில் கேட்க வேண்டிய கேள்வி, ஸ்டாக் பண்ணினீர்களா என்பதல்ல, எத்தனை நாள் ஆகிறது என்பது. அதற்குத் தகுந்த வித்தை வேறு.

பத்து மணி வரை எனக்கு ஒன்றுமில்லை. மருமகனுக்கும் இல்லை. வெயில் ஏறியதும் கைடு நரம்பை மாற்றினார். மிதக்கும் நரம்பை எடுத்துவிட்டு, மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் நரம்பு. இது நொடிக்கு ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் இறங்கும். எறிந்தபின் எண்ண வேண்டும். முதலில் பத்து, கிடைக்கவில்லையா, இருபது, பிறகு முப்பது. எந்த எண்ணில் மீன் தொடுகிறதோ அந்த எண்ணை விடக்கூடாது. "ஃப்ளையை மாற்றாதீர்கள் பாபா, ஆழத்தை மாற்றுங்கள்" என்றார். நானோ அரை மணிக்கு ஒரு ஃப்ளை என்று பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தவன். அன்று மாட்டியது வுல்லி பக்கர் என்ற கறுப்பு ஃப்ளை, ஆரஞ்சு வால் வைத்தது. குளிர்காலத்தில் ட்ரவுட் சினைப் பருவத்தில் இருக்கும், ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் கோபமோ பசியோ, எப்படியும் கடிக்கும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம்.

எண்ணி முடித்ததும் சுற்றுவது. சுற்றுவது என்று கடல் பழக்கத்தில் எழுதிவிட்டேன். ரீலைத் தொடவே கூடாது. நரம்பை இடது கை விரல்களால் எட்டுப் போட்டு, உள்ளங்கைக்குள் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அவர் மூன்று முறை காட்டியும் பிடிபடவில்லை. பிறகு திடீரென்று விளங்கியது. காவடிக்கு வீட்டில் என் மனைவி செண்டுமல்லி தொடுப்பாளே, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நூல் போய்வரும் அதே அசைவு. அவளாக இருந்தால் முதல் தடவையே செய்திருப்பாள். கோல் நுனி தண்ணீரைத் தொட்டபடி இருக்க வேண்டும். நுனி மேலே நின்றால் நரம்பு தொய்யும், மீன் தொட்டது கைக்கு வராது.

மூன்றாவது லிண்டாவைத்தான் நான் என்றும் மறக்க மாட்டேன். ஃப்ளை கரைக்கு அருகே வந்துவிட்டது, எடுத்து மறுபடி எறியலாம் என்று தூக்கப் போனேன். லிண்டா. ஐந்து எண்ணும்வரை அப்படியே தொங்கவிடச் சொன்னார். பின்தொடர்ந்து வரும் ட்ரவுட், ஃப்ளை மேலே எழுந்து நிற்கும் அந்த இடத்தில்தான் முடிவெடுக்குமாம். மூன்று எண்ணியிருப்பேன். நரம்பு கனத்தது. கடித்தது என்று சொல்ல முடியாது. யாரோ ஈரத் துணியை மாட்டிவிட்டது போல ஒரு கனம். ஐம்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா, கோலை வெட்டித் தூக்கினேன். டப். மயிரிழை போன்ற நுனி நரம்பு அறுந்து, மீன் ஆரஞ்சு வாலோடு போனது.

கைடு சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு முழு மதிப்பெண். "கோல் சும்மா இருக்கட்டும். நரம்பைக் கையால் இழுங்கள், இறுகும்வரை" என்றார். அவ்வளவுதான் பாடம். பதினொன்றரைக்கு அதே எண்ணில், இருபதில், இன்னொன்று. இந்தத் தடவை கையால் இழுத்தேன். மீன் டேமின் நடுவுக்கு ஓடி, இரண்டு முறை தண்ணீருக்கு மேலே முழு உடம்பையும் தூக்கிக் காட்டியது. பக்கவாட்டில் அந்த இளஞ்சிவப்புப் பட்டை, வெயிலில். ஷேட் இப்படியெல்லாம் அழகு காட்டாது. தொள்ளாயிரம் கிராம். மதியத்துக்குள் இன்னொன்று, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மருமகனுக்கு ஒன்று.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன், எறிய வசதி. கைடு என்னை எதிர்க்கரைக்கு அழைத்துப் போனார். காற்று எந்தக் கரையில் போய் மோதுகிறதோ அங்கேதான் மிதக்கும் பூச்சியும் இரையும் சேரும், மீனும் அங்கே. எறிவது சிரமம்தான், ஆனால் அங்கே தூரம் தேவையில்லை. எனக்குக் கிடைத்த இரண்டும் அந்தக் கரையில்.

அரை நாள் முடிந்து கைடு கிளம்பியபின், பிற்பகல் முழுக்க நாங்களாகவே போட்டோம். ஒன்றும் இல்லை. உறுதி என்பது காலையோடு முடிந்தது. நானூறு ராண்டு கட்டணத்தை மட்டும் கொடுத்து, கைடு இல்லாமல் போயிருந்தால் குளிரோடும் ஓட்டை வேடர்ஸோடும் திரும்பியிருப்போம். ஃப்ளை பழக்கம் உள்ளவர்களுக்குக் கைடு தேவையில்லை. கடல்காரர்கள் அந்த 950-ஐக் கொடுத்துவிடுங்கள், டீக்காசில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு மீன் வீட்டுக்கு வந்தது. செதில் மிகச் சிறியது, சுரண்டத் தேவையில்லை. முதல் மீனை மனைவி ஷேட் குழம்பு மாதிரி வைத்தாள்; மசாலா வென்றது, மீன் உடைந்து கரைந்தது. இரண்டாவதை மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தடவி வறுத்தோம். சதை இளஞ்சிவப்பு, நன்றாகவே இருந்தது, ஆனால் ஓரத்தில் லேசாக மண்வாசனை. டேம் மீனில் இது வரும். பாசி வகை நுண்ணுயிர்கள் தண்ணீரில் விடும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம், மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் அதே மணம். புளிப்பு பட்டால் அது சிதையும். அதாவது நம் ஆட்கள் மீனைப் புளியில் ஊறவைப்பது சும்மா இல்லை. வறுப்பதற்கு முன் கால் மணி நேரம் புளித்தண்ணீரில் போடுங்கள். மனைவியின் தீர்ப்பு: "நல்ல மீன்தான். ஆனா ஷேட் ஷேட்தான்."

இரண்டாவது முறை போனது அக்டோபரில். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஷேட் பிடிக்கத் தடை, கடற்கரையில் எனக்கு வேலையில்லை. ஆனால் புரட்டாசி. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது, சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கு. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவேன் என்றேன். "திங்கவும் மாட்டீங்க, சும்மா விடவும் மாட்டீங்க, வாயில குத்திட்டு விட்டா அது விரதமா?" என்றாள். பதில் இல்லாமல்தான் காரை எடுத்தேன்.

இந்தத் தடவை கட்டணம் அதேதான், விதி மட்டும் ஒன்று கூடியிருந்தது: தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்கக் கூடாது, குறடால் நசுக்கிவிட வேண்டும். எனக்கு வசதி, முள் தானாகக் கழன்றுவிடும். ரப்பர் வலை அவர்களே கொடுத்தார்கள். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், தலை நேராக இருக்கும்படி பிடித்து, அதுவாக வாலை உதறிப் போகும்வரை விடக்கூடாது. தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டும் கோடையில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம், ஆகவே டிசம்பர், ஜனவரியில் போக வேண்டாம் என்று கைடே சொன்னார். வாடிக்கை போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஆள்.

மிதவைக் குழாயில் உட்கார வைத்து நடு டேமுக்கு அனுப்பினார்கள், 200 ராண்டு. உள்ளே டயர் மாதிரி காற்றுப்பை, காலில் வாத்துத் துடுப்பு, பின்பக்கமாக நீந்த வேண்டும். மருமகன் சொன்ன உட்கார்ந்து பிடிப்பது கடைசியில் இதுதான். பாசித்திட்டின் ஓரமாகப் பச்சை நிற ஊசித்தட்டான் புழு ஃப்ளையை எட்டுப் போட்டு இழுத்து நான்கு மீன். நான்கையும் விட்டேன். கடைசி மீன் என் கையில் கொஞ்ச நேரம் நின்றது. இந்த மீனும் நம்மைப் போலக் கப்பலில் வந்ததுதான். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் ஆட்களை டர்பனில் இறக்கியது. 1890இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு ட்ரவுட் முட்டைகளைப் பொரித்து நேட்டால் ஆறுகளில் விட்டார்கள். என் கையிலிருந்த வானவில் ட்ரவுட் வகை 1897இல் கேப்புக்கு வந்தது. ஆக எங்களுக்கு முப்பத்தேழு வருடம் இளையது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

ஏப்ரல் கடைசிக்கு மறுபடி பதிவு செய்திருக்கிறோம், அதே பண்ணை, அதே கைடு. வேடர்ஸ் மட்டும் சொந்தமாக வாங்கிவிட்டேன். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்று பார்த்தாயிற்று. ஓட்டை இல்லை. மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.